கிடேரி விற்ற காசு

1991இல் நான் லிமெரிக் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், கார்க் எல்லைக்குப் பக்கத்தில், ஒரு பண்ணை வீட்டின் மாடி அறையில் குடியிருந்தேன். அந்த நாளில் அந்தப் பக்கத்து வீடுகளுக்கு வெளிநாட்டுத் தபால் வந்தால் காசு வந்திருக்கிறது என்று அர்த்தம். பாஸ்டனில் கட்டட வேலைக்குப் போன தம்பியோ, லண்டனில் நர்ஸாக இருக்கும் அக்காவோ கடிதத்துக்குள் நோட்டை மடித்து வைத்து அனுப்புவார்கள். கூரைக்கு ஸ்லேட் மாற்றியது, தொழுவத்துக்கு சிமென்ட் தளம் போட்டது, அடுத்த பிள்ளைக்கு விமான டிக்கெட் எடுத்தது எல்லாம் அந்த உறையின் புண்ணியம். டானலி விசா, மாரிசன் விசா என்று அமெரிக்கா கதவைத் திறந்துவிட்ட காலம் அது. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து தேவாலய வாசலில் நின்றால், யாருக்கு விசா விழுந்தது, யாருக்கு விழவில்லை என்பதைத் தவிர வேறு பேச்சே காதில் விழாது. இன்று அதே வீட்டின் சமையலறை மேசையில், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, மாதப் பால் பணம் வங்கியில் ஏறிவிட்டதா என்று போனில் பார்த்துவிட்டு, ஏறிய சூட்டோடு அதில் பெரும்பகுதியை வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு அனுப்புகிறார் வீட்டுக்காரர். காசு போகிற திசையே தலைகீழாகிவிட்டது. கிட்ட இருந்து பார்த்தவன் என்கிற உரிமையில் அந்தக் கதையைச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் நிலத்தை நம்பி ஒரு பிள்ளையைக் கடல் தாண்டிப் படிக்க அனுப்பியிருந்தால், ஊரையும் பயிரையும் மாற்றிக்கொண்டு மீதியை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

எனக்கு அந்த அறை கிடைத்ததே மெட்ராஸின் தயவில்தான். பக்கத்து ஊர் மருத்துவமனையில் இளநிலை மருத்துவராகச் சேர்ந்து, தங்க இடம் தேடி, மழையோடு மழையாக அந்தக் கதவைத் தட்டினேன். திறந்தவர் பெரியவர். எந்த ஊர் என்றார்; இந்தியா என்றேன். இந்தியாவில் எங்கே என்றார். முசிறி என்று சொன்னால் யாருக்கு விளங்கும்? மெட்ராஸ் என்றேன். அவர் ஒதுங்கி வழிவிட்டார். "உள்ளே வாங்க டாக்டர், என் அத்தை மெட்ராஸில்தான் இருக்கிறாள்" என்றவர், நான் காலணியைக் கழற்றி முடிப்பதற்குள், "கல்லறையில்" என்று முடித்தார். 1842லிருந்து அயர்லாந்துக் கன்னியாஸ்திரிகள் மெட்ராஸில் பள்ளிக்கூடம் நடத்தியிருக்கிறார்கள். கறவை மாட்டையும் உருளைக்கிழங்கையும் தவிர வேறெதையும் அறியாத வீடுகளிலிருந்து இளம்பெண்கள் கப்பலேறி வந்து, நம் ஊர்ச் சிறுமிகளுக்குக் கணக்கும் தையலும் சொல்லிக்கொடுத்து, பலர் ஊர் திரும்பாமலே நம் மண்ணில் அடங்கினார்கள். அங்கி அணிந்த அந்த அத்தையின் படம் சமையலறை அலமாரியில், தேநீர்க் கோப்பைகளுக்கு நடுவில் நின்றது. வாடகையைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை. முதல் கேள்வி, அங்கே வெயில் தாங்க முடியுமா என்பது.

அந்த வீட்டிலிருந்து வெளிநாட்டுக்குப் படிக்கப் போன முதல் ஆள் பெரியவரின் அண்ணன். நாற்பதுகளின் கடைசியில், குருவானவர் படிப்புக்கு, ரோமாபுரியில் 1628இல் தொடங்கிய அயர்லாந்துக் கல்லூரிக்குப் போனார். அந்தக் காலத்துப் பண்ணை வீடுகளில் கணக்கு எளிது: ஒருவனுக்கு நிலம், ஒருவனுக்குக் கோயில், மற்றவர்களுக்குக் கப்பல். கோயிலுக்குப் போகிறவனுக்கான செலவை வீடு முழுவதும் சுமந்தது. கறுப்பு அங்கி, தோல் பெட்டி, புத்தகம், ரயில், கப்பல், மறுபடி ரயில். வருடத்துக்கு வருடம் செப்டம்பரில் நல்ல கிடேரியாக ஒன்றைப் பொறுக்கிச் சந்தைக்கு ஓட்டினார்கள் என்று பெரியவர் சொல்வார். மாட்டுச் சந்தை அப்போது தெருவிலேயே கூடியது. விற்கிறவர் ஒரு விலை, வாங்குகிறவர் ஒரு விலை, இடையில் தரகர் இரண்டு பேர் கையையும் பிடித்து இழுத்துச் சேர்த்து அடிக்க வைப்பார்; கை அடித்தால் பேரம் படிந்தது. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துப் பேசுகிற எங்கள் பக்கத்துத் தரகர்களைப் பற்றி நான் சொன்னபோது, அதை இரண்டு முறை செய்து காட்டச் சொன்னார். பேரம் முடிந்த பிறகு விற்றவர் வாங்கியவருக்கு அதிர்ஷ்டக் காசு என்று சில நாணயங்களைத் திருப்பித் தர வேண்டும். அண்ணனுக்காகக் கிடேரி விற்ற வருடங்களில் அப்பா அந்தக் காசைக்கூட யோசித்துத்தான் கொடுத்தார் என்று சொல்லிச் சிரிப்பார் பெரியவர்.

கிடேரி பெரிய செலவுக்கு. சின்னச் செலவுகள் எல்லாம் அம்மாவின் முட்டைக் காசிலிருந்து. அயர்லாந்துப் பண்ணைகளில் அப்போது கோழி பெண்களின் சொத்து. முட்டை விற்று வருகிற காசில் ஆண்கள் கை வைக்க மாட்டார்கள். அந்தக் காசுதான் பள்ளிக்கூடப் புத்தகமாகவும், முழங்கால் கிழிந்த கால்சட்டைக்கு மாற்றாகவும், ரோமாபுரிக்கு ஒட்டுகிற தபால்தலையாகவும் மாறியது. நம் வீடுகளில் அடுக்குப் பானைக்குள் இருந்ததே, அதே காசு. எத்தனை டாக்டர்களும் எஞ்சினியர்களும் அந்தப் பானைக்குள்ளிருந்து வந்தார்கள் என்று யாராவது கணக்கெடுத்திருக்கிறார்களா, தெரியவில்லை, எடுத்திருக்க வேண்டும்.

பிள்ளையைக் கடல் தாண்டிப் படிக்க அனுப்புவதுகூடப் புது வழக்கமில்லை என்பதைப் பெரியவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். 1695இல் ஆட்சியாளர்கள் ஒரு சட்டம் போட்டார்கள்: கத்தோலிக்கர்கள் தங்கள் பிள்ளைகளைக் கடல் தாண்டி அனுப்பிப் படிக்க வைக்கக் கூடாது. உள்ளூரில் பள்ளி நடத்தவும் தடை, வெளியே போகவும் தடை. ஆனாலும் போனார்கள். பாரிஸ், சலமான்கா, லூவேன், ரோம் என்று ஐரோப்பா நெடுகிலும் அயர்லாந்துப் பையன்களுக்கான கல்லூரிகள் இருந்தன. பிரான்சிலிருந்து பிராந்தியும் பட்டும் திருட்டுத்தனமாக வந்திறங்கிய அதே கடற்கரைகளில் மாணவர்களும் ஏறிப் போனார்கள். பின்னாளில் கத்தோலிக்கர்களின் விடுதலைக்காகப் பெரும் இயக்கம் நடத்திய டேனியல் ஓ'கானல், கெர்ரி மாவட்டத்துப் பையன். அவரையும் தம்பியையும் 1791இல் பிரான்சுக்குப் படிக்க அனுப்பியது பிள்ளையில்லாத பெரியப்பா மாரிஸ் ஓ'கானல். 'வேட்டைத் தொப்பி' என்று ஊரே பட்டப்பெயர் வைத்திருந்த அந்த மனிதர் கடத்தல் வியாபாரத்தில் சம்பாதித்தவர், காசு விஷயத்தில் மகா கெட்டி. செலவுக்குக் கணக்குக் கேட்டுப் பையன்களை வாட்டி எடுத்தார். 1793 ஜனவரியில் பிரெஞ்சுப் புரட்சி துரத்த, இருவரும் படிப்பைப் பாதியில் விட்டு ஓடிவந்தார்கள். அதற்குப் பிறகும் அந்தப் பெரியப்பாதான் டேனியலை லண்டனில் சட்டம் படிக்க வைத்தார். முணுமுணுத்துக்கொண்டே பணம் கட்டுகிற பெரியவர்களின் வரிசை எவ்வளவு நீளம் பாருங்கள்.

பெரியவர் பதினான்கு வயதில் படிப்பை நிறுத்தியவர். அண்ணன் ரோமுக்குப் போனால் தம்பி தொழுவத்துக்குப் போகத்தான் வேண்டும். அதை அவர் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை, ஆனால் தினமும் செய்தித்தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, மரண அறிவிப்புகளையும் மாட்டு விலையையும் சேர்த்து, விரல் வைத்துப் படிப்பார். அந்த நாட்டில் உயர்நிலைப் பள்ளிக்கு அப்போது கட்டணம் உண்டு. 1966 செப்டம்பரில் கல்வி அமைச்சர் டோனா ஓ'மாலி, லிமெரிக்காரர், நிதியமைச்சரைக்கூடக் கேட்காமல் பத்திரிகையாளர்கள் கூட்டத்தில், இனி உயர்நிலைப் பள்ளி இலவசம் என்று அறிவித்துவிட்டார். மறுவருடமே நடைமுறைக்கு வந்தது. கிராமத்துப் பிள்ளைகளை ஏற்றிப் போக மஞ்சள் பேருந்துகளும் வந்தன. அதற்கடுத்த வருடம் ஓ'மாலி இறந்துபோனார், நாற்பத்தேழு வயதில். அவர் பெயரைச் சொல்லும்போது பெரியவரின் குரல் மாறும். தன் மகன் அந்தப் பேருந்தில் ஏறியவன் என்பார். எத்தனையோ அமைச்சர்களைப் பார்த்துவிட்டோம். ஒரு விவசாயி தன் வீட்டு மேசையில் உட்கார்ந்து நன்றியோடு நினைத்துக்கொள்கிற அமைச்சர் எத்தனை பேர்?

எனக்கு அந்த வீட்டில் மிகவும் பிடித்தது ஜூன், ஜூலை மாதங்கள். புல் அறுத்துக் காயவைக்கிற நாட்கள். மூன்று நாள் வெயில் சேர்ந்தாற்போல் கிடைத்தால் போதும், பக்கத்து வீட்டு ஆண்கள், விடுமுறைக்கு லண்டனிலிருந்து வந்தவர்கள், வாடகைக்குக் குடியிருக்கும் மருத்துவர், யாருக்கும் விலக்கில்லை. எல்லோர் கையிலும் ஒரு வாரியைக் கொடுத்து வயலில் இறக்கிவிடுவார்கள். நாலு மணிக்கு வீட்டம்மா தேநீரைக் கண்ணாடி பாட்டில்களில் ஊற்றி, பாலும் சர்க்கரையும் அதிலேயே கலந்து, சூடு ஆறாமல் இருக்க ஒவ்வொரு பாட்டிலுக்கும் கம்பளிக் காலுறை மாட்டி, கூடையில் வைத்துக்கொண்டு வருவார். புல் குவியலில் சாய்ந்துகொண்டு, பாட்டிலை வாயில் வைத்துக் குடித்த அந்தத் தேநீருக்கு ஈடாக இன்றுவரை எதையும் குடிக்கவில்லை. கம்பளியின் வாசனை, புல்லின் வாசனை, மோர் விட்டுப் பிசைந்து சோடா உப்புப் போட்டுச் சுட்ட ரொட்டியில் தடவிய உப்பு வெண்ணெய். இப்போது சைலேஜ்தான். ஒப்பந்தக்காரரின் பெரிய இயந்திரங்கள் காலையில் வந்து, ஈரப்புல்லையே வாரிச் சுருட்டிப் பிளாஸ்டிக் சுற்றிவிட்டுப் பகல் சாப்பாட்டுக்கு முன்னால் அடுத்த பண்ணைக்குப் போய்விடுகின்றன. ஓட்டுகிறவர் தன் இருக்கையில் உட்கார்ந்தபடியே கடையில் வாங்கிய சாண்ட்விச்சைத் தின்கிறார். மழை வந்தாலும் நஷ்டமில்லை, மாடுகளுக்கும் நல்ல தீனி. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் லண்டன் பையனும் பக்கத்து வீட்டுக் கிழவரும் ஒரே பாட்டிலைக் கைமாற்றிக் குடித்த அந்த நாலு மணி போய்விட்டது.

பால் சங்கத்து வாசலும் அப்படித்தான் போனது. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற டிராம்கொலகரில்தான் 1889இல் ஹொரஸ் பிளங்கெட் தொடங்கிய இயக்கத்தின் முதல் கூட்டுறவுப் பால் நிலையம் வந்தது. ஊருக்கு ஊர் கிளைகள் முளைத்தன. தினமும் காலையில் கழுதை வண்டியிலும் குதிரை வண்டியிலும் பால் கேன்களை ஏற்றிக்கொண்டு வந்து வரிசையில் நிற்பார்கள். பால் ஊற்ற ஆகும் நேரத்தைவிடப் பேச ஆகும் நேரம் அதிகம். ரோமிலிருந்து அண்ணன் எழுதிய கடிதம் வீட்டில் படிக்கப்பட்ட மறுநாள் அந்த வரிசையில் முழுசாக ஒப்பிக்கப்படும். போப்பாண்டவரை எவ்வளவு கிட்டத்தில் பார்த்தான், அங்கே பால் என்ன விலை. நான் போனபோது அந்தக் கிளை மூடிக் கிடந்தது. வீட்டுக்கு வீடு குளிர்பதனத் தொட்டி வந்து, லாரி குழாயைப் போட்டு உறிஞ்சிக்கொண்டு போகத் தொடங்கியிருந்தது. பெரியவர் பழக்கம் விடாமல், காலைப் பால் கறந்ததும் அந்தப் பூட்டிய கட்டடம் வரை நடந்துபோய்த் திரும்புவார்.

கடிதம் என்றால் அந்த வீட்டில் என்ன மரியாதை என்பதை நான் என் அம்மாவின் கடிதங்களால் அறிந்தேன். நீல நிற விமானத்தபால் வந்தால் தபால்காரர் வாசலிலேயே குரல் கொடுப்பார். பெரியவரின் மனைவி அதை வாங்கிக் கடிகாரத்துக்குப் பின்னால் செருகிவைப்பார், நான் மருத்துவமனையிலிருந்து வரும்வரை. இரவுச் சாப்பாடு முடிந்ததும் படிக்கச் சொல்வார். முதலில் தமிழில், முழுவதும். அதற்குப் பிறகுதான் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பார். ஒரு வார்த்தை புரியாமல், கையை மடியில் கட்டிக்கொண்டு, என் அம்மா முசிறியில் உட்கார்ந்து எழுதியதை அவர் அப்படிக் கேட்டார்: காவிரியில் தண்ணீர் திறந்துவிட்டார்கள், நாற்று நட்டாகிவிட்டது, உழவு மாடு ஒன்று நொண்டுகிறது, நீ உடம்பைப் பார்த்துக்கொள். என் படிப்புக்கு அப்பா இரண்டு மா நிலத்தை ஒத்திக்கு வைத்தது அந்தக் கடிதங்களில் ஒருபோதும் வராது. அது எனக்குத் தெரியக்கூடாது என்று வைத்திருந்தார்கள், எனக்குத் தெரியும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். இதை மட்டும் அந்த அம்மாவுக்கு நான் சொன்னேன். அவர் எழுந்துபோய் அடுப்பில் கெண்டியை வைத்தார். மாடு எப்படி நொண்டுகிறது, முன்காலா பின்காலா என்று பெரியவர் கேட்டார்.

அந்த வீட்டு மகன், அதாவது ஓ'மாலியின் பேருந்தில் ஏறியவர், எங்கள் மருத்துவமனை நர்ஸைக் கல்யாணம் செய்துகொண்டார். 1996இல் அவர்களுக்குப் பிள்ளை பிறந்தபோது நான் லிமெரிக் நகரத்துக்கு மாறிவிட்டிருந்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்வருவது நிற்கவில்லை. பையன் நடக்கத் தொடங்கியதும் தொழுவத்துக்குத்தான் நடந்தான். கால்நடை மருத்துவர் வந்தால் அவர் பின்னாலேயே வாளியைத் தூக்கிக்கொண்டு போவான். பள்ளி முடிக்கும்போது அவன் ஆசை வீட்டில் யாருக்கும் புதுச் செய்தியில்லை. செய்தி என்னவென்றால் மதிப்பெண். நாடு முழுவதற்கும் அப்போது ஒரே ஒரு கால்நடை மருத்துவப் பள்ளி, டப்ளினில். 625 புள்ளிக்கு 550ஐத் தாண்டினால்தான் உள்ளே பார்க்கவே முடியும். பையன் கிட்டத்தில் வந்து நின்றுவிட்டான். நம் ஊரில் அரை மார்க்கில் மருத்துவ சீட்டைத் தவறவிட்ட பிள்ளையின் வீடு அன்று எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கேயும் அப்படித்தான் இருந்தது.

புடாபெஸ்ட் என்ற பெயரை முதலில் எடுத்தவர் பையனின் அம்மா. 1787இல் தொடங்கிய கால்நடை மருத்துவப் பள்ளி அங்கே இருக்கிறது. 1989லிருந்து ஆங்கிலத்திலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். டப்ளினில் இடம் கிடைக்காத அயர்லாந்துப் பண்ணைப் பிள்ளைகள் வருடாவருடம் அங்கே போகிறார்கள், வார்சாவுக்கும் போகிறார்கள். பதினொரு அரையாண்டுகள். டப்ளினில் இடம் கிடைத்திருந்தால் 1996லிருந்து இருக்கிற ஏற்பாட்டின்படி கல்விக் கட்டணத்தை அரசே கட்டும், பதிவுக் கட்டணத்தோடு போயிருக்கும். புடாபெஸ்டில் வருடத்துக்குப் பத்தாயிரம் யூரோவுக்கு மேல், தங்கவும் தின்னவும் தனி. அப்பா அன்றிரவு ஒரு பழைய பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கூட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பெரியவர், எண்பத்தைந்து வயதை நெருங்கிக்கொண்டிருந்தவர், கணப்புக்குப் பக்கத்திலிருந்து, "எந்தக் கிடேரி?" என்று மட்டும் கேட்டார்.

ஒரு கிடேரியில் முடிகிற காரியமாக அது இல்லை. 1984இல் ஐரோப்பியச் சமூகம் விதித்த பால் ஒதுக்கீடு, இவ்வளவுக்கு மேல் கறந்தால் அபராதம் என்ற கட்டுப்பாடு, 2015 மார்ச் கடைசியோடு ஒழிந்தது. அயர்லாந்து முழுவதும் மாடுகளைச் சேர்த்தார்கள். இந்த வீட்டிலும் நாற்பது மாடு எழுபதானது. சேர்ந்த முப்பதும் புடாபெஸ்டுக்காகக் கறக்கிற மாடுகள் என்று அப்பா சொல்வார். நினைத்தபடி நடந்ததா என்றால் இல்லை. எல்லோரும் சேர்த்ததால் எல்லோரிடமும் பால். 2016இல் விலை சரிந்து, கறக்கிற செலவுக்கே கட்டவில்லை. அம்மா இரவுப்பணிகளை அதிகமாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். மிச்சத்துக்குக் கடன் சங்கம் இருந்தது. 1958இல் நோரா ஹெர்லிஹி என்ற பள்ளி ஆசிரியை நண்பர்களோடு சேர்ந்து தொடங்கிய இயக்கம் அது. வட்டிக்காரரிடமும் கடைக்காரரின் பற்று நோட்டிலும் ஏழைகள் மாட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துத் தாங்காமல் தொடங்கினார். அவர் பிறந்த பாலிடெஸ்மண்ட் கிராமமும் கார்க் மாவட்டத்தில், இந்தப் பக்கத்து மலைகளுக்கு அப்பால்தான். இன்று அயர்லாந்தில் பிள்ளையின் படிப்புக்குக் கடன் வாங்கப் போகிறவர் தலையைக் குனிந்துகொண்டு போக வேண்டியதில்லை. கவுன்டரில் இருப்பவர் பக்கத்து வீட்டுப் பெண், பையன் எப்படி இருக்கிறான் என்றுதான் கேட்பார்.

ஆனால் பண்ணை வீட்டில் படிக்கப் போகிற பிள்ளைக்குக் கொடுக்கிற பெரிய பணம், பணமில்லை. இரண்டு கை. பிப்ரவரியில் எழுபது மாடும் வரிசையாகக் கன்று போடுகிற சமயத்தில், இருபது வயது இளைஞன் ஒருவன் தொழுவத்தில் இல்லாமல் போவதை எந்த ரசீதிலும் எழுத முடியாது. அப்பாவுக்கு அந்த மாதங்களில் தூக்கம் என்பது நாற்காலியில் சாய்வது. 2017 பிப்ரவரியில் அப்படி ஓர் இரவு நான் அங்கே இருந்தேன். முதல் கன்றுக்காரி, பனிக்குடம் உடைந்து வெகுநேரம் ஆகிவிட்டது, இரண்டு முன்னங்கால்கள் தெரிகின்றன, தலையைக் காணோம். இரவு இரண்டு மணி, புடாபெஸ்டில் மூன்று. அம்மா போனைத் தீவனத் தொட்டியின் விளிம்பில் சாய்த்து வைத்து மகனை எழுப்பிவிட்டார். தொழுவச் சுவரின் அந்த ஒரு மூலையில்தான் சிக்னல் கிடைக்கும். திரையில் தலை கலைந்த பையன், பின்னால் ஏதோ எலும்புப் படம். "தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கு அப்பா?" என்றான். அப்பா தோள்வரை உறை மாட்டிய கையை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, "இடது விலாப் பக்கம்" என்றார். "கன்றை முதல்ல உள்ளே தள்ளுங்க. இடம் கிடைக்கும். அப்புறம் மூக்கை உள்ளங்கையால மூடிப் பிடிச்சு, பல்லு கர்ப்பப்பையைக் கிழிக்காம, சுத்தி முன்னால கொண்டுவாங்க." அப்பா அப்படியே செய்தார். ஒவ்வொன்றுக்கும், "இப்போ?" என்று கேட்டுவிட்டுச் செய்தார். தலை வந்தது, பிறகு கயிறு, இழுப்பு, வழுக்கிக்கொண்டு வந்து வைக்கோலில் விழுந்தது கன்று. மூக்கில் ஒரு வைக்கோல் துரும்பை விட்டதும் தும்மியது. புடாபெஸ்டில் பையன் கை தட்டினான்.

பையன் பிறப்பதற்கு முன்பே நூற்றுக்கணக்கான கன்றுகளை இழுத்தவர் அந்த அப்பா. தலை திரும்பிய கன்று அவருக்குப் புதிதே இல்லை. சீம்பாலைக் கறந்து கன்றுக்கு ஊட்டும்போது அவரிடம் அதைச் சொன்னேன். "அவன் சரியாகச் சொல்கிறானா என்று பார்க்க வேண்டாமா டாக்டர்? காசு கட்டுகிறேனே" என்றார். காலையில் பெரியவரிடம் நடந்ததைச் சொன்னோம். முட்டையை உடைத்துக்கொண்டே கேட்டவர், "என் அண்ணன் ரோமிலிருந்து ஒரு கன்றைக்கூட இழுத்ததில்லை" என்று தீர்ப்புச் சொன்னார்.

அந்தப் போனை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு மாட்டையும் கன்றையும் காப்பாற்றியது. ஆனால் மகனின் கடிதம் கடிகாரத்துக்குப் பின்னால் செருகப்படுவதில்லை, ஏனென்றால் கடிதமே இல்லை. காலையில் என்ன தின்றான் என்பதுவரை தெரிந்துவிடுவதால், சேர்த்துவைத்துச் சொல்ல எதுவும் மிஞ்சுவதில்லை. பெட்டி கட்டுவது மட்டும் மாறவில்லை. ரயன்ஏர் விமானத்தின் எடைக் கட்டுப்பாட்டுக்குள் அம்மா என்னவெல்லாம் அடைப்பார் தெரியுமா? உறைய வைத்துச் செய்தித்தாளில் சுருட்டிய தொத்திறைச்சி, ரத்தப் புட்டு, கார்க்கின் பேரிஸ் தேயிலை, டேட்டோ சிப்ஸ் பொட்டலங்கள். சிப்ஸ் உடையாமலிருக்க அவற்றைச் சுற்றிப் பையனின் சட்டைகள். அந்தப் பெட்டியைக் குளியலறை எடைமேடையில் தூக்கி வைத்து, ஒரு கிலோ கூடிவிட்டது என்று சட்டையை வெளியே எடுத்தார், தேயிலையை எடுக்கவில்லை. எனக்குக் கப்பலில் வந்த பருப்புப்பொடி டப்பாவை நினைத்துக்கொண்டேன். அது வந்துசேரும்போது பாதிப் பொடி பெட்டிக்குள் கொட்டி, என் சட்டைகளெல்லாம் மாதக்கணக்கில் பெருங்காயம் மணந்தன. வார்டில் யாராவது முகர்ந்துவிட்டு என்ன வாசனை என்று கேட்டால் சந்தோஷமாக இருக்கும்.

2018 அந்த வீட்டைச் சோதித்துப் பார்த்த வருடம். மார்ச் தொடக்கத்தில் எம்மா புயலோடு பனி வந்து சாலைகளை அடைத்துவிட்டது. பால் லாரி வரவில்லை, தொட்டி நிரம்பிக் கறந்த பாலைக் கீழே ஊற்றினார்கள். வசந்தம் தள்ளிப்போனதால் புல் முளைக்கவில்லை. தீவனத்தை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விற்றார்கள். அப்புறம் அயர்லாந்து கண்டிராத கோடை, புல் காய்ந்து பழுப்பானது. கட்டணத் தவணை தவறவில்லை. எப்படிக் கட்டினார்கள் என்று நான் கேட்கவில்லை. தொழுவத்தில் நின்ற தலைகளை எண்ணிப் பார்த்தால் தெரிந்தது. அந்த வருடத்தின் ஒரே நல்ல செய்தி ஆகஸ்டில் வந்தது: 1973க்குப் பிறகு முதல்முறையாக லிமெரிக் ஹர்லிங் விளையாட்டு அணி அகில அயர்லாந்துக் கோப்பையை வென்றது, கால்வேயை ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில். விடுமுறைக்கு வந்திருந்த பையன் தாத்தாவைத் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார வைத்துக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். பெரியவர் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. அடக்கத்துக்கு அவன் ஒரே நாளில் வந்து சேர்ந்தான். ரோமில் இருந்த அண்ணனுக்குத் தன் அப்பாவின் மரணம் தந்தியில்தான் தெரிந்தது; ஊருக்கு வரும்போது கல்லறையில் புல் முளைத்திருந்தது. இந்த ஒரு விஷயத்தில் விமானத்தையும் போனையும் நான் இரண்டு கையாலும் வணங்குவேன்.

2020இல், ஊரெல்லாம் கதவடைப்பதற்குச் சில வாரங்கள் முன்னால், பையன் கால்நடை மருத்துவராக வந்து இறங்கினான். பக்கத்து ஊர் மருத்துவர்களோடு சேர்ந்து வேலை பார்க்கிறான். இரவு இரண்டு மணிக்கு எவர் வீட்டுத் தொழுவத்துக்கும் போகிறான், தன் வீட்டுக்கும். போன ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது மேசையில் ஒரு பில் கிடந்தது. மாதாந்தர வைத்தியச் செலவு: இரண்டு இரவு அழைப்பு, ஒரு சிசேரியன், மருந்து, பார்த்த மருத்துவர் என்ற இடத்தில் மகனின் பெயர். பெற்றவர்களிடம் காசு கேட்பதா என்று அம்மாவுக்குக் கோபம். கிளினிக் என்னுடையதில்லையே அம்மா, நான் சம்பளக்காரன் என்கிறான் அவன். இரவு அழைப்புக்கான தொகையையாவது கழிக்கச் சொல் என்கிறார் அம்மா. அப்பா ஒன்றும் பேசவில்லை. பில்லை வரி வரியாகப் படித்தார், சிசேரியன் வரிக்கு வந்ததும் திரும்ப ஒருமுறை படித்தார், முழுத் தொகைக்கும் காசோலை எழுதினார், பெயரைத் தெளிவாக எழுதினார். நடுவில் வார்சாவிலிருந்து மகள் அழைத்தாள். அவளும் கால்நடை மருத்துவம்தான், இரண்டாம் வருடம். அடுத்த தவணைக்குத் தேதி வந்துவிட்டதாம். சரி சரி, சாப்பிட்டாயா என்றார் அப்பா. போனை வைத்துவிட்டு, காலணியை மாட்டிக்கொண்டு தொழுவத்துக்குப் போனார். மகனும் பின்னால் போனான். வியாழக்கிழமை ஏலத்துக்கு எந்த இரண்டு கிடேரிகளை அனுப்புவது என்பதில் இருவருக்கும் கருத்து ஒத்துப்போகவில்லை. சமையலறை வரைக்கும் கேட்டது.